பூட்டிய காருக்குள் நாய் துடிக்கிறது! கண்ணாடியை உடைக்கலாமா, கூடாதா?

உச்சி வெயில். கடைத் தெருவில் பூட்டிய கார். பின் சீட்டில் ஒரு நாய். வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, இரைத்தபடி கண்ணாடியைச் சுரண்டுகிறது. சுற்றிலும் பத்துப் பேர். காருக்குச் சொந்தக்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

"கண்ணாடியை உடைச்சா கேஸ் ஆயிடுமோ?" என்று ஒருவருக்குப் பயம். "நமக்கு எதுக்குங்க வம்பு" என்று இன்னொருவர் நழுவுகிறார். மூன்றாமவர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார். நாய்க்கு மூச்சு அடங்கிக் கொண்டே போகிறது.

இந்த நிலைமையில் சட்டம் யார் பக்கம்? கண்ணாடியை உடைத்தவர் மாட்டிக் கொள்வாரா? நாயைப் பூட்டிவிட்டுப் போனவருக்கு என்ன தண்டனை?

பெரிய பட்டணங்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல இவை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் போன்ற ஊர்களுக்கும் இன்றைக்கு இது சொந்தக் கேள்விதான்.

காரில் வரும் கூட்டம்

பச்சைமலையை ஒட்டிய பேரூராட்சி அரும்பாவூர். இங்கே செதுக்கும் மரச்சிற்பங்களுக்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சிலை வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் காரில் வருகிறார்கள். பட்டறையில் வேலைப்பாட்டைப் பார்த்து, அளவு சொல்லி, விலை பேசி முடிக்க அஞ்சு நிமிஷம் போதாது.

இதே மாவட்டத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும் அங்கே கூட்டம் அலைமோதும். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுத்தான் போகிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் கார்கள் நிற்காத நேரம் கிடையாது.

அந்தக் காலத்தில் வீட்டு நாய் வாசலில் கட்டிக் கிடந்தது. குடும்பம் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் சோறு வைப்பார். இப்போது பலருக்கு நாய் வீட்டுப் பிள்ளை மாதிரி. தனியாக விட்டுவிட மனசு வருவதில்லை. ஆகவே அதுவும் காரில் ஏறி விடுகிறது.

ஏறுவதில் தப்பில்லை. இறங்கும்போதுதான் சிக்கல். நாயைக் கோவிலுக்குள் விடமாட்டார்கள். ஓட்டலிலும் பெரும்பாலும் விடமாட்டார்கள். "அஞ்சு நிமிஷம்தாங்க, வந்துடுறோம்" என்று கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பம் உள்ளே போய்விடுகிறது. வரிசையில் நின்றால் அஞ்சு நிமிஷம் அரை மணி ஆகும்.

தாஜ்மகால் வாசலில் நடந்தது

2022-ம் ஆண்டு ஜூலை மாதம். ஆக்ரா தாஜ்மகாலைச் சுற்றிப் பார்க்க அரியானாவிலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் நாயைக் காருக்குள் விட்டுவிட்டு அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பூட்டிய காருக்குள்ளேயே அந்த நாய் பரிதாபமாக இறந்தது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. விஷயம் போலீசுக்குப் போய் வழக்கானது.

தாஜ்மகால் வண்டி நிறுத்தம் ஆள் நடமாட்டம் இல்லாத காடு அல்ல. டிரைவர்கள், கைடுகள், வியாபாரிகள் என்று எந்நேரமும் ஜனம் புழங்கும் இடம். அங்கேயே இப்படி ஆகியிருக்கிறது.

"நாய்தானே, போகட்டும்" என்று சொல்பவர்கள் இன்னும் இரண்டு சம்பவங்களைக் கேட்க வேண்டும்.

2022 ஜூன் மாதம், திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக் குடியிருப்பில் விளையாடிக் கொண்டிருந்த 3 குழந்தைகள், நின்றிருந்த காருக்குள் ஏறினார்கள். கதவு மூடிக் கொண்டது. மூன்று பேரும் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

2025 மே மாதம், ஆந்திர மாநிலம் விஜயநகரம் பக்கத்தில் துவாரபுடி கிராமத்திலும் இதே கதை. அங்கே 4 குழந்தைகள் போனார்கள்.

நின்ற காருக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் ஜனங்களுக்கு வந்தால் காப்பாற்றப்படுவது நாய் மட்டும் அல்ல. அதனால்தான் இந்த விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

காரா, அடுப்பா?

"வெயில் சதம் அடித்தது" என்று கோடையில் பேப்பரில் படிக்கிறோம். அது நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு. பூட்டிய காருக்குள் கணக்கே வேறு.

வெளியே வெறும் 70 டிகிரி இருக்கும்போது நடத்திய சோதனையில், காருக்குள் 10 நிமிஷத்தில் 89 டிகிரி ஆனது. அரை மணியில் 104. ஒரு மணி நேரத்தில் 113 டிகிரி. எல்லாமே பாரன்ஹீட் கணக்கு.

70 டிகிரி என்பது நமக்கு மார்கழிக் குளிர். அப்போதே இந்த நிலைமை என்றால், சித்திரையில் வெளியே 100 டிகிரி கொளுத்தும்போது உள்ளே எப்படி இருக்கும் என்பதைப் படிப்பவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரை மணியிலேயே ஏறி விடுகிறது. கண்ணாடியை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. "காத்துக்கு லேசா இறக்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லும் சமாதானம் இதோடு அடிபட்டுப் போகிறது.

"மர நிழலில்தானே நிறுத்தினேன்?" என்றும் சிலர் கேட்பார்கள். அதற்கும் பதில் உண்டு. அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுங்கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் சராசரி 116 டிகிரி. நிழலில் நின்ற காருக்குள்ளும் 100 டிகிரி. போதாததற்கு நம் ஊரில் வேப்பமர நிழல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சூரியன் நகர்ந்தால் நிழலும் நகர்ந்து விடும்.

நாய்க்கு வியர்க்காது

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். வியர்வை காய்ந்தால் சூடு இறங்கும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே அனலாகி விட்டால் இரைத்தும் பயனில்லை.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102½ டிகிரி. அது 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் கெடும். 'பக்' போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழுந்து விடும். நம் நாட்டு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்கள் வெயிலில் பழகியவைதான். ஆனால் திறந்த வெளி வெயில் வேறு, பூட்டிய பெட்டிக்குள் அனல் வேறு.

அடையாளம் தெரிந்து கொள்வது நல்லது. விடாத இரைப்பு, கெட்டியான எச்சில், ரத்தச் சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி. இரைத்துக் கொண்டிருந்த நாய் கண் சொருகி, சத்தம் அடங்கிப் படுத்து விட்டால் "தூங்குது" என்று நினைக்கக் கூடாது. அதுதான் கடைசிக் கட்டம்.

பத்துப் பேர் நின்றும் ஏன் அசையவில்லை?

கூட்டம் கூடினால் உதவி அதிகம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

1968-ல் நியூயார்க்கில் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து, சுவர் வழியே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். மூன்று பேராக உட்கார்ந்திருந்த இடங்களில் நூற்றுக்கு 38-ல்தான் யாராவது ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இரண்டு பேரைச் சும்மா இருக்கச் சொல்லி உட்கார வைத்தபோது எழுந்தவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான்!

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "அவரே சும்மா இருக்காரு, நாம ஏன் அலட்டிக்கணும்?" என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். இப்படியே எல்லோரும் சும்மா இருந்து விடுகிறார்கள். கல்நெஞ்சம் காரணம் அல்ல. பொறுப்பு பத்துப் பங்காகப் பிரிந்து போவதுதான் காரணம்.

நம் ஊரில் இதோடு இன்னொரு பயமும் சேர்கிறது. கார் யாருடையது? பெரிய ஆள் வண்டியோ? கண்ணாடிக்குப் பணம் கேட்பாரோ? ஸ்டேஷனுக்கு அலைய விடுவாரோ? கூலி வேலைக்காரருக்கும் சின்னக் கடைக்காரருக்கும் இது வெறும் பயம் அல்ல, நியாயமான கவலை. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் வருமானம் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் நாயைப் பூட்டியவர் கதை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பிராணிக்குத் தேவையற்ற வேதனை கொடுப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை? முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 50 ரூபாயைத் தாண்டக் கூடாது!

அச்சுப் பிழை அல்ல. 1960-ல் எழுதிய தொகை. அந்தக் காலத்தில் 50 ரூபாய் பெரிய பணம். இன்றைக்குக் காரை நிறுத்தவே 50 ரூபாய் வாங்கும் இடங்கள் இருக்கின்றன.

நாய் செத்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள இந்தச் சட்டப்படி, பிராணியைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் வேண்டுமென்றோ, கெடுதல் வரும் என்று தெரிந்தோ செய்ததாக நிரூபிக்க வேண்டும். "மறந்துட்டேன், சீக்கிரம் வந்துடலாம்னு நினைச்சேன்" என்று சொல்பவரிடம் இது எளிதல்ல.

இனி கண்ணாடியை உடைத்தவர் கதை. பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது 324-வது பிரிவின்படி குற்றம். ஆனால் அதே சட்டத்தில் 19-வது பிரிவு ஒரு வழி விடுகிறது. கெட்ட எண்ணம் இல்லாமல், ஓர் ஆளுக்கோ சொத்துக்கோ வரும் பெரிய கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தோடு சிறிய சேதம் செய்தால் அது குற்றம் ஆகாது. பெரிய தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடிப்பதையே சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாயும் சொந்தக்காரரின் சொத்துதான். அவருடைய நாயைக் காப்பாற்ற அவருடைய கண்ணாடியை உடைத்ததாக வாதாடலாம். வாதம் பலமானதே. ஆனால் அது கேஸ் வந்த பிறகு சொல்ல வேண்டிய வாதம். கேஸே வராது என்ற உத்தரவாதம் அல்ல.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்குகிறவருக்கு அந்தத் தெளிவு இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் அது விபத்துக்கு மட்டும். பூட்டிய காருக்குள் துடிக்கும் உயிருக்காகத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் டென்னசி மாகாணம் 2015-ல் வழிகாட்டியது. பூட்டிய காரிலிருந்து குழந்தையை மீட்பவருக்கு முன்பே இருந்த பாதுகாப்பைப் பிராணிகளை மீட்பவருக்கும் நீட்டியது. புளோரிடா 2016-ல் தெளிவாக நிபந்தனைகளை வகுத்தது. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். உடைக்கும் முன்போ, உடைத்த உடனேயோ போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் சேதம் கூடாது. அதிகாரிகள் வரும் வரை மீட்ட பிராணியோடு நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தால் கண்ணாடிக்குப் பணம் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது.

பிரிட்டனில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் நிலைமை தெரிந்திருந்தால் சொந்தக்காரரே சம்மதித்திருப்பார் என்று நம்பி உடைத்தால், 1971-ம் ஆண்டு சட்டப்படி அது நியாயமான காரணம்.

கவனித்துப் பார்த்தால் இந்த நிபந்தனைகள் எல்லாம் பொது அறிவுதான். நம் ஊரிலும் இதே முறையில் நடந்து கொண்டால் 19-வது பிரிவின் வாதத்துக்கு அது பெரிய பலம்.

யார், எதை, எந்த வரிசையில்?

கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தால் போதும், மற்றவர்கள் அசைவார்கள். பொதுவாக "யாராச்சும் ஏதாச்சும் பண்ணுங்கப்பா" என்று கூவினால் பலன் இல்லை. ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "அண்ணே, நீங்க போலீசுக்குப் போன் போடுங்க. தம்பி, நீ ஓட்டல்ல கேட்டுட்டு வா. அக்கா, கொஞ்சம் தண்ணி எடுத்து வைங்க." வேலை கையில் வந்துவிட்டால் யாரும் நழுவ மாட்டார்கள்.

முதல் வேலை, என்ஜின் ஓடுகிறதா, ஏ.சி. போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. நாய் சாதாரணமாக இருந்தால் பதற வேண்டாம். ஆனாலும் நகரக் கூடாது. என்ஜின் நின்றால் நிலைமை மாறிவிடும்.

இரண்டாவது, எல்லாக் கதவையும் இழுத்துப் பார்ப்பது. ஒரு கதவு திறந்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, சொந்தக்காரரைத் தேடுவது. இதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கோவிலில் மைக் இருக்கிறது. பெரிய கடைகளிலும் இருக்கிறது. "டி.என். 46-ல ஆரம்பிக்கிற வெள்ளைக் கார், காருக்குள்ள நாய் மயங்குது, சொந்தக்காரர் உடனே வரவும்" என்று இரண்டு தடவை சொன்னால் பாதிக் கேஸ் தீர்ந்துவிடும். எந்தக் காரில் வந்தவர் எந்தக் கடைக்குள் போனார் என்பது தெருக் கடைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான்காவது, இதே நேரத்தில் இன்னொருவர் 112-க்குப் போன் செய்வது. வண்டி எண்ணைச் சொன்னால் போலீசார் சொந்தக்காரர் விவரத்தை எடுக்க முடியும். தீயணைப்புத் துறைக்கு 101. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. உள்ளே இருப்பது குழந்தை என்றால் 108. குழந்தை மயங்கிக் கிடந்தால் மைக்குக்கும் போலீசுக்கும் காத்திருக்கவே கூடாது.

சொந்தக்காரரும் வரவில்லை, போலீசாரும் வரவில்லை, நாய் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் கண்ணாடி. செல்போன் படம் இங்கேதான் பயன்படும். நாயின் நிலை, வண்டி எண், மணி எல்லாம் தெரிய ஒருவர் படம் எடுக்கட்டும். இரண்டு பேர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்கட்டும்.

முன் கண்ணாடியைத் தொடக் கூடாது. அது இரண்டு அடுக்கு ஒட்டிய கண்ணாடி, லேசில் உடையாது, விலையும் அதிகம். நாய் இருக்கும் இடத்துக்குத் தள்ளி உள்ள பக்கக் கண்ணாடியை, நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்க வேண்டும். கையில் துணி சுற்றிக் கொள்வது நல்லது. நாய் பயத்தில் கடிக்கலாம், ரோட்டில் பாயலாம். கயிறோ துண்டோ தயாராக இருக்கட்டும்.

வெளியே எடுத்ததும் நிழல். உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். விசிறி விட வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி மூடக் கூடாது, சூடு உள்ளேயே நிற்கும். வாயில் வலியத் தண்ணீர் புகட்டக் கூடாது, புரையேறும். பிறகு கால்நடை மருத்துவமனை. எழுந்து நடந்தாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். உள் உறுப்பு கெட்டது பிறகுதான் தெரியும்.

சொந்தக்காரர் ஓடி வந்ததும் நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடிப்பதும் நடக்கக் கூடும். அது கூடவே கூடாது. அடித்தால் அதுவரை நல்லது செய்தவர்கள் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள்.

அரசு செய்ய வேண்டியது

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது. வெயில் கொல்லும் என்பதை அரசே ஒப்புக் கொண்டாயிற்று. அப்படியானால் பூட்டிய காருக்குள் சிக்கிய உயிரை, குழந்தையோ நாயோ, மீட்பவர் மீது வழக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டியது அடுத்த படி. அந்த 50 ரூபாய் அபராதத்தை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி உயர்த்துவது டெல்லியின் வேலை.

பணம் செலவாகாத வேலைகளும் உண்டு. கோவில், ஓட்டல், சுங்கச்சாவடி வண்டி நிறுத்தங்களில் "காருக்குள் குழந்தை, நாய் விட்டுச் செல்லாதீர்" என்று ஒரு போர்டு. சீட்டுக் கிழிக்கும் பையன் "உள்ளே யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டுவிட்டுச் சீட்டுக் கொடுப்பது.

நாய் வளர்ப்பவருக்கு ஒரே கணக்கு. இறங்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை என்றால் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் நாயை வீட்டிலேயே விட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

கண்ணாடி உடைந்தால் புதிதாகப் போட்டுக் கொள்ளலாம். போன உயிருக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது.